ஓர் இராச்சியத்தின் முதல் தேர்தலும் சபாரத்தினத்தின் மஞ்சளும்

லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், வீட்டு முன்னறையில் அச்சகம் வைத்திருந்தவர் சபாரத்தினம். கலியாணக் காட், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக் காட், ஆள் செத்தால் அந்தியேட்டிக் காட் என்று தமிழர் வாழ்வின் சகல கட்டங்களுக்கும் அச்சடித்துக் கொடுத்தார். உயிரோடிருந்த வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

லண்டனுக்கு வருமுன் அவர் யாழ்ப்பாணத்தில் அரசாங்க எழுதுவினைஞர். எண்பத்தொன்றில் நடந்த தேர்தலில் வாக்குச்சாவடிக் கடமை பார்த்தார். அவர் அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்த பெட்டி ஜீப்பில் ஏறியது. எண்ணும் இடத்துக்கு ஜீப் வந்தது, பெட்டி வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு இந்த உலகத்திடம் ஒரேயொரு ஆசைதான்: தன் கைபட்ட ஒரு தேர்தல், எங்கேயாவது, ஒழுங்காக எண்ணி முடிக்கப்பட வேண்டும். சின்ன ஆசை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

எண்பத்தேழில், பசிபிக் கடலில் ஒரு தீவு இராச்சியம் சுதந்திரம் பெற்றது. பெயரை எழுதினால் அதன் தூதருக்கு மறுப்பறிக்கை எழுதும் வேலை வந்துவிடும். அவர் ஒற்றை ஆள், பாவம். மனோர் பார்க்குக்குக் கிட்ட, செவன் கிங்ஸில், தமிழ்ப் பல் வைத்தியர் ஒருவரின் மேல்மாடியில் இருந்தது தூதரகம். கீழே பல் பிடுங்கும் நேரங்களில் மேலே இராசதந்திரம் தடைப்படும். நாடாளுமன்றம் என்றாலே அரசருக்குப் பிடிக்காது. ஆனால், விடைபெற்றுப் போன வெள்ளைக்காரர்கள் தேர்தல் வைப்பதாக அவரிடம் வாக்குறுதி வாங்கியிருந்தார்கள். எனவே வாக்குச் சீட்டை மலிவாக அடிக்க இடம் தேடினார் தூதர். பல் வைத்தியரின் மேசையில் சபாரத்தினம் அடித்த கலியாணக் காட் ஒன்று கிடந்தது.

சபாரத்தினம் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட்டார். சீட்டுகள் அடித்து, வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கியானதும் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துத் தூரிகையை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, உது வாக்குச் சீட்டு. கலியாணக் காட் இல்லை," என்றார் மனைவி சிவனேஸ்வரி.

"ஒரு நாட்டின்ர முதல் தேர்தலப்பா. இதைவிட நல்ல காரியம் வேற என்ன கிடக்கு? மஞ்சள் பூசாமல் அனுப்ப இதென்ன செத்தவீட்டுக் காட்டே?"

"சீட்டில அடையாளம் இருந்தால் செல்லாது எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?"

"அது வோட்டுப் போடுற ஆள் தன்னைக் காட்டிப் போடுற அடையாளம். இது எல்லாச் சீட்டுக்கும் ஒண்டுதான். எனக்குத் தேர்தல் படிப்பிக்க வாறீர்!"

ஒவ்வொரு கட்டின் நாலு மூலையிலும் தூரிகையை மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தார். ஒரு தேசம் மங்களகரமானது.

தீவில் மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள். தேர்தல் ஆணையாளர் அரசரின் மைத்துனர். காலையில் கட்டைப் பிரித்தபோதே மஞ்சளைக் கண்டவர், மாலைவரை வாய் திறக்கவில்லை. பெட்டி திறக்கும் நேரத்தில்தான் அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. மஞ்சள் எல்லாச் சீட்டிலும் ஒரே அளவில் இல்லை. ஆகவே யார் எந்தச் சீட்டைப் போட்டார் என்று கண்டுபிடிக்கலாம். ஆகவே எல்லாச் சீட்டும் செல்லாது. நாடாளுமன்றம் காலவரையின்றித் தள்ளிப்போனது. வாக்கின் இரகசியத்தைக் காப்பாற்றிய அரசருக்காகத் தேவாலயங்களில் மணி அடித்தார்கள்.

செய்தி மனோர் பார்க்குக்கு வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை, காப்புறுதி விற்கும் பரமேஸ்வரன் கோயில் வாசலில் சபாரத்தினத்தை மறித்தார்.

"அண்ணை, ராசா எவ்வளவு தந்தவர்?"

"ஒரு சதமும் இல்லை. நான் நல்லதுக்குத்தான் பூசினனான்."

"ஓம், ஓம். ஆருக்கு நல்லதுக்கு எண்டுதான் கேக்கிறன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று பிரசாத வரிசையில் அவருக்கு வழிவிட்டார்கள். காசு வாங்கித் தேர்தலைக் கவிழ்த்த கெட்டிக்காரன் என்று நம்பக் கோயில் முழுவதும் தயாராக இருந்தது. நல்ல மனதோடு கவிழ்த்த மடையன் என்று நம்பியவர் சிவனேஸ்வரி ஒருவர்தான்.

அடுத்த கிழமை தூதரே அச்சகத்துக்கு வந்து சபாரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அரசருக்கு முடிசூட்டு விழாவாம். அழைப்பிதழ் அடிக்க வேண்டுமாம்.

"மூலைகளில் அந்த மஞ்சளும் வேண்டும். அரசருக்கு மிகவும் பிடித்துவிட்டது," என்றார் தூதர் ஆங்கிலத்தில்.

"தேர்தலில் யாருக்கு அதிக வாக்கு விழுந்தது?" சபாரத்தினமும் ஆங்கிலத்தில் கேட்டார்.

"செல்லாத சீட்டை யாராவது எண்ணுவார்களா? எரித்துவிட்டோம். அருமையாக எரிந்தது. நல்ல தாள்."

சபாரத்தினம் அலுமாரியைத் திறந்து மாதிரி அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். தூதர் தங்க ஓரம் வைத்ததைத் தேர்ந்தெடுத்தார்.

"எத்தனை அடிக்க வேண்டும்?"

"வாக்குச் சீட்டு எத்தனையோ, அத்தனை," என்றார் தூதர். "இதற்கு எல்லோரும் கட்டாயம் வரவேண்டும்."