நாற்காலியின் பயன்

பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவளுக்கு, ஒழுங்கில்லாத பக்கத்தைக் கண்டால் கை அரிக்கும். ஓரம் விடாமல், பத்தி பிரிக்காமல் யாராவது விண்ணப்பத்தை நீட்டினால், அதைத் திருத்தித் தட்டிக் கொடுத்த பிறகே மறுவேலை பார்ப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர்.

தம்பி எழுதிய பக்கங்களைப் பார்த்தபோதும் கை அரிக்கத்தான் செய்தது.

தசைநோய் அவனைப் பள்ளி வயதிலேயே படுக்கையில் தள்ளியிருந்தது. நாற்பதை நெருங்கும்போது அவன் சொல் கேட்டவை வலக்கையின் இரண்டு விரல்கள் மட்டுமே. அவற்றைக் கொண்டு ஒரே ஒரு வீடியோ கேமை ஆண்டுக்கணக்கில் ஆடினான். வெள்ளத்தில் மூழ்கிய நகரம். அறை அறையாகத் தேடி, வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஆடுகிறவர்கள் கூடி எழுதும் விக்கித் தளத்தில், அறைக்கு ஒரு பக்கமாக நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் எழுதினான்.

"என்னடா, மூச்சே விடாம எழுதியிருக்க? விளக்கு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள படிக்கிறவன் முழுகிடுவான்."

"முழுகட்டும்க்கா. கேமே அதுதானே?"

அவள் விடவில்லை. மாலைதோறும் கட்டிலருகே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதுபோல் ஒவ்வொரு பக்கமாகச் சீர்செய்தாள். துணைத்தலைப்பு இட்டாள், அட்டவணை போட்டாள். பொருள், இடம், பயன் என்று மூன்று கட்டங்கள்; அவற்றுள் அடங்காததை வெட்டினாள். மூன்றாம் அறையில் ஒரு நாற்காலியைப் பற்றி அவன் பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதியிருந்தான். அது ஒரே வரியாயிற்று.

"நாற்காலிய விட்டிருக்கலாம்க்கா."

"அதனால என்னடா பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்ல." கூரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "நான் செத்தாக்கூட நீ டேபிள் போட்டுத்தான் அழுவ."

"வாயக் கழுவு."

'இப்போதுதான் படிக்க முடிகிறது' என்று முன்பின் அறியாதவர்கள் பாராட்டி எழுதினார்கள். இரண்டே ஆண்டுகளில் தளத்தின் பொறுப்பாளர்களுள் ஒருத்தியானாள். மற்றொரு பொறுப்பாளர், எங்கோ மருந்துக்கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் அவர் 'கம்பவுண்டர்'.

தம்பிக்கு மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்த்த வாரத்தில்தான் கம்பவுண்டரின் அழைப்பு வந்தது. தளம் வேறு சர்வருக்கு மாறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய பதிப்பு மட்டுமே போகும்; அதற்கு முந்தியவை போகா.

"மேடம், பழைய பதிப்பெல்லாம் தனியா எடுத்து வைக்கணுமா? நீங்க சொன்னா ஒரு நாள் உக்காந்து எடுத்துடுவேன்."

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்குங்க? அதான் சுத்தப் பிரதி இருக்கே."

ஒன்பதாம் நாள் தம்பி இறந்தான்.

காரியங்களெல்லாம் முடிந்து வீடு அடங்கியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அவன் பேச்சைக் கொஞ்சம் கேட்கவேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் திறந்தாள். பொருள், இடம், பயன். இன்னொன்று. பொருள், இடம், பயன். நூற்றுப் பன்னிரண்டிலும் ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. 'பழைய பதிப்புகள்' என்ற இடத்தைத் தொட்டாள். எதுவும் இல்லை.

கம்பவுண்டருக்கு போன் அடித்தாள்.

"அந்த சர்வர அப்பவே அழிச்சுட்டாங்க மேடம். தம்பி நாற்காலியப் பத்தி ஏதோ எழுதியிருப்பார், இல்ல? படிச்சு நானும் கேம்ல அதுல போய் உக்காந்தேன். என்ன எழுதியிருந்தார்னுதான் இப்போ ஞாபகம் வரல."

அவளுக்கும் வரவில்லை. வெட்டிய கைக்கு வரிகளின் எண்ணிக்கைகூட உறுதியாக நினைவில் இல்லை.

தம்பியின் கேமைத் திறந்தாள். அத்தனை பக்கங்களைத் திருத்தியவள் அதை ஒரு முறையும் ஆடியதில்லை. சுவரில் முட்டி, தண்ணீரில் விழுந்து, நண்பகல் கடந்து மூன்றாம் அறைக்கு வந்து சேர்ந்தாள். ஜன்னலோரத்தில் நாற்காலி இருந்தது. அதன்முன் போய் நின்றாள். எதை அழுத்தினால் உட்காரலாம் என்று தெரியவில்லை. விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். குதித்தாள், குனிந்தாள், விளக்கை அணைத்தாள்.

கடைசியில், எல்லாரும் செய்வதுபோல், விக்கியில் மூன்றாம் அறைப் பக்கத்தைத் திறந்து தேடினாள். அட்டவணையின் ஏழாம் வரிசையில் தெளிவாக இருந்தது:

நாற்காலி. ஜன்னலோரம். பயன் ஏதுமில்லை.