வறட்சியக்காவின் இருபது நாள்

திரையில் ஒரு சைபரைக் கண்டால் போதும், வறட்சியக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். இடது கால் செருப்பு தானாகக் கழன்றுவிடும். "நீ நெஜமாவே சைபர்தானா?" என்று அதனிடமே கேட்பாள். பக்கத்து மேசைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள்தான் யாரோடு பேசுகிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஆற்றுப் படுகையின் நாற்பது வருட மழைப் பதிவை அலசி, வறட்சி கூடுகிறதா என்று சொல்வது அவள் வேலை. பட்டப்பெயர் அதனால் வந்தது. அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அன்று மழை பெய்யாது என்று அலுவலகத்தில் கேலி வேறு. "அப்போ பந்தல் நனையாதுல்ல, கூப்பிடுங்க" என்பாள்.

பெரிய இன்ஜினியருக்கு மட்டும் அவள் பேச்சு ஏறாது. அந்தக் காலத்திலும் இதே அளவு காய்ந்திருக்கிறது, பதிவிலேயே இருக்கிறது, பிறகு எதற்கு இந்தப் புலம்பல் என்பார். பதிவு அவர் பக்கம் நின்றது. அணையை நம்பி இரண்டாம் போகம் விதைக்கலாம் என்று அன்று மாலை அறிவிப்பு வரவிருந்தது. கடைமடையில் பயிர் வைக்கும் அவளுடைய அண்ணனும் அதற்குத்தான் காத்திருந்தார்.

அன்று காலையில்தான் வரிசையாக இருபது சைபர்கள் அவள் கண்ணில் பட்டன. முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். சுற்றியிருந்த மழைமானிகள் எல்லாம் நிரம்பி வழிய, நடுவிலிருந்த ஒன்றில் மட்டும் இருபது நாள் சொட்டு மழை இல்லை. அங்கே அளவெடுத்து ஓய்வுபெற்றவரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தாள்.

"அது என் கல்யாண லீவும்மா," என்றார் அவர். "அளவெடுக்காத நாளுக்குக் கோடுதான் கிழிச்சு வெச்சேன். சைபர் போட நான் யாரு?"

பதிவேட்டு அறைக்கு ஓடினாள். கோடுகளேதான். கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் அத்தனையையும் சைபராக்கியிருந்தார்கள். ஒரு மனிதரின் கல்யாணம் இருபது நாள் வறட்சியாகிவிட்டது! இன்னும் பதினோரு மானிகளில் இதே கூத்து. யாருக்கோ காய்ச்சல், யார் வீட்டிலோ பிரசவம், எல்லாம் வறட்சிக் கணக்கில். அவற்றை நீக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பழைய வறட்சியில் பாதி காணாமல் போனது. புதியது அசையவில்லை. வருடத்துக்கு வருடம் வறண்ட நாட்கள் நீண்டுகொண்டே வந்தது திரையில் பளிச்சென்று தெரிந்தது.

பெரிய இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, பதிவேட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், இரண்டாம் போகத்துக்கு அணையை நம்ப முடியாது என்று அறிவிப்பை நிறுத்தச் சொன்னார். வறட்சியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருடமாக அவள் சொல்லிவந்தது உண்மை! அந்தச் சூட்டோடு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா, நாத்து விடலாமா?" என்றார் அவர். "விதையை ஊறப் போட்டுட்டேன்."

அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும், முகத்தில் இன்னும் அடங்காமலிருந்த சிரிப்பை வறட்சியக்கா உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.