இரண்டு மூடி வாசம்

எங்கள் வீட்டில் உடுப்புக் கழுவுவது நான்தான். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் மனைவிக்குச் சவர்க்காரத்தூள் பட்டால் விரலிடுக்கு வெடித்து இரத்தம் வரும். அவள் வீட்டிலிருந்து தைக்கிறவள். வெடித்த விரலோடு ஊசி பிடிக்க முடியாது. அதோடு, வீட்டிலேயே மோசமான அழுக்கு உடுப்பு என்னுடையது. நான் கல்முனைச் சந்தையில் மீன் விற்கிறவன். பாரை மீன் வெட்டும்போது தெறிக்கிற இரத்தமும் இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டிக் காய்ந்த செதிலும் நான் கொண்டுவருகிறவை. அவற்றை அவள் ஏன் உரச வேண்டும் என்று ஒரு நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து வோஷிங் மெசின் என் பொறுப்பு.

லேசான வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். எங்கள் வீடு கல்முனைக்குடியில் கடலுக்குக் கிட்ட இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரில் எந்தத் தூளைப் போட்டாலும் சரியாக நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போடுவேன். காய்ந்த பிறகு பார்த்தால் சாரம் தகரம் மாதிரி விறைத்துக் கொடியில் நிற்கும். மனைவியின் கறுப்பு அபாயாவில் வெள்ளை வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். எலுமிச்சம்பழப் படம் போட்ட பக்கட், பூப் படம் போட்ட பக்கட், பனிமலைப் படம் போட்ட பக்கட் எல்லாம் வாங்கினேன். பனிமலையை வரைந்தவனுக்கு எங்கள் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வருடம் நாசமான பிறகுதான் தூளை விட்டுப் போத்தலில் வருகிற திரவத்துக்கு மாறினேன். அது கரித்த தண்ணீரிலும் கரைந்தது. கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். மீன் இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் போட்டால் இரத்தம் துணியோடு வெந்துபோய்விடும், பிறகு எந்தச் சவர்க்காரமும் அதைத் தொடாது. இதை எந்தப் பக்கட்டிலும் எழுதியிருக்கவில்லை.

கறை போனது. வாடை போகவில்லை. கழுவிக் காய்ந்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தொழப் பள்ளிக்குப் போனாலும், உடம்பு வேர்த்ததும் உள்ளேயிருந்து மீன் எழும்பி வரும். அதை எனக்கு முதலில் சொன்னவர் என் மாமனார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் வருவது. நான் இருப்பது என் மனைவிக்கு அவளுடைய வாப்பா கட்டிக்கொடுத்த வீடு. மாமி மவுத்தாகி அவர் தனித்த பிறகு மாமாவும் எங்களோடுதான் இருக்கிறார். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தவர், ஆனால் சேற்றில் இறங்கியவர் மாதிரித் தெரியாது. எப்போதும் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு, பள்ளியில் வரிசை சரிசெய்யும்போது, பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மருமகன், நீங்க அந்த ஃபேனுக்குக் கீழ நில்லுங்க. இஞ்ச சந்த மணக்குது."

நாலு பேரும் குனிந்து சிரித்தார்கள். நான் ஃபேனுக்குக் கீழே போய் நின்றேன். அவருடைய வீட்டில் இருந்துகொண்டு அவரோடு வாக்குவாதப்பட முடியாது. அன்றைக்குத் தொழுகையில் என்ன ஓதினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த நாளே, உடுப்பு அலசும்போது ஊற்றுகிற சொப்ட்னர் வாங்கினேன். அதற்கு முன்பு அது பணக்காரர் வீட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன். இளஞ்சிவப்புப் போத்தல் மீனோடு சேர்ந்து வேறொரு கெட்ட வாசமாக மாறியது. சந்தனம் என்று எழுதியிருந்தது இரண்டு மணி நேரம் கூட நிற்கவில்லை. நீலப் போத்தல்தான் சரிவந்தது. ஒரு கழுவலுக்கு அரை மூடி. சந்தையில் வெயிலில் நாலு மணி நேரம் நின்றாலும் சேர்ட்டில் நின்றது. வேறு யார் வந்து எந்த நிறத்தைப் புகழ்ந்தாலும் நான் மாறவில்லை.

இவ்வளவு செய்தும் மாமா தன் உடுப்பை என் மெசினில் போட விடவில்லை. கிணற்றடிக் கல்லில் தானே கழுவுவார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வாசமே இல்லாத மஞ்சள் கட்டிச் சவர்க்காரம் வைத்திருந்தார். காயப்போடுவதற்கும் அவருக்குத் தனிக் கொடி. என் மீன் சாரம் சுற்றிய தொட்டியில் தன் வெள்ளைச் சாரம் சுற்றக்கூடாது என்பதுதான் காரணம். அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

போன வருடம் அவர் மக்காவுக்கு, உம்றாவுக்குப் போக ஆயத்தமானார். புறப்படுவதற்கு முதல்நாள் காலையில், நான் சந்தைக்குப் போகாமல் வீட்டில் நின்றபோது, இரண்டு வெள்ளைத் துவாய்களைக் கொண்டுவந்து நீட்டினார். உம்றாவில் உடுத்துகிற இஹ்ராம் துணி.

"மருமகன், உங்கட மெசின் இப்ப சும்மாவா இரிக்கு?"

"ஓம் மாமா."

"இது புதுசு. கஞ்சி விறைப்புப் போகணும். கனம், என்ட கையால முறுக்கேலா. தனியாப் போடுங்க."

"தனியாத்தான் மாமா போடுவன்."

"மீன் பிடிச்ச கையக் கழுவிட்டுத் தொடுங்க."

கடைசி வார்த்தை வழக்கமான குத்தல்தான். ஆனாலும் துணியைத் தந்துவிட்டார். நான் தேசிக்காய்ப் புளி போட்டுக் கையைக் கழுவினேன். முதலில் மெசினை வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டேன். பிறகு துவாய்களைப் போட்டேன். திரவத்தை அளந்து ஊற்றினேன். என் சாரத்துக்கு அரை மூடி ஊற்றுகிற நீலப் போத்தலை, மாமாவுக்கு என்று இரண்டு மூடி ஊற்றினேன்.

இஹ்ராமில் வாசனை கூடாது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அத்தர் போத்தலை யாராவது கிட்டக் கொண்டுவந்திருந்தால் நானே தட்டிவிட்டிருப்பேன். ஆனால் சொப்ட்னரை நான் ஒரு நாளும் வாசனை என்று நினைத்ததில்லை. அது எனக்கு மீன் வாடைக்கான மருந்து. ஒரு மீன்காரன் மட்டும்தான் இப்படி ஒரு பிழை விடுவான்.

மத்தியானம் ளுஹர் நேரத்தில் மனைவி கொடியில் துவாயைத் திருப்பிப் போடப் போனவள் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்க. வாப்பா உம்றாக்குப் போறாரா, கலியாணத்துக்குப் போறாரா?"

"ஏன்?"

"இத மணந்து பாருங்க."

மணந்தேன். அப்படியே துவாய்களைக் கொடியிலிருந்து உருவினேன்.

மறுபடி மெசினில் போட்டேன். வெறும் தண்ணீர். பிறகு வினாகிரி. பிறகு பெரிய பானையில் சுடுதண்ணீர் கொதிக்க வைத்து முக்கினேன். ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே சொல்தான் சொன்னாள்: "இரிக்கு." நாள்கணக்கில் மணக்கும் என்று போத்தலில் எழுதியிருந்தார்கள். எதிலும் உண்மை எழுதாதவர்கள் அதை மட்டும் உண்மையாக எழுதியிருந்தார்கள். பயணக் குழுவின் மௌலவிக்குப் போன் போட்டேன். உடுத்துவதற்கு முன்பே துணியில் இருந்த வாசனை பற்றி வேறு கருத்தும் இருக்கிறது, ஆனால் பேணுதலுக்கு அந்தத் துணியை விடுவது நல்லது என்றார். மாமா சந்தேகத்தோடு நோன்புக் கஞ்சிகூடக் குடிக்க மாட்டார்.

போத்தலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை விட இளையவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு என்னிடம் மீன் வாங்குகிறவர்.

"இந்த மணம் எப்பிடிப் போகும்?" என்றேன்.

"காக்கா, மணம் நிக்குதில்லண்டு போத்தலத் திருப்பிக் கொண்டுவந்த ஆக்கள் இரிக்காங்க. மணம் போகுதில்லண்டு சண்டைக்கு வந்தது நீங்க மட்டுந்தான்."

"பகிடிய விடுங்க. வாசமில்லாத சவுக்காரம் ஒண்டு தாங்க."

"வாசமில்லாட்டி அத ஆர் காக்கா வாங்குற?"

கடைத் தட்டில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து மணந்தேன். எலுமிச்சை, ரோஜா, மல்லிகை, என்னவென்றே தெரியாத இன்னொன்று. கடைசியில் துணிக்கடைக்குப் போய் இன்னொரு சோடி இஹ்ராம் துவாய் வாங்கினேன். அதுவும் கஞ்சி போட்டுச் சாக்கு மாதிரி இருந்தது. கழுவாமல் உடுத்த முடியாது. மெசினில் கழுவ முடியாது, அதன் ரப்பர் ஓரம்கூட நீலப் போத்தலாக மணந்தது. எங்கள் வீட்டில் வாசமில்லாத சவர்க்காரம் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. கிணற்றடியில், மாமாவின் சிரட்டையில்.

அவர் பின்னேர அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். நான் அந்த மஞ்சள் கட்டியைக் கையில் எடுத்தேன். துவாய் எல்லாம் ஒரே வெள்ளை. கழுவி, காயவைத்து, மடித்து அதே இடத்தில் வைத்தால் அவருக்கு ஒரு நாளும் தெரியாது. பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு தடவை என்னை நம்பித் துணி தந்த மனுசன். நான் சொன்னால் அதுவே கடைசித் தடவையாகவும் இருக்கும். பிறகு கட்டியைச் சிரட்டையிலேயே வைத்தேன். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிற ஒருவருக்கு என் கள்ளத்தைச் சுற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது பெரிய நல்லகுணம் ஒன்றும் இல்லை. பயம்.

அவர் பள்ளியிலிருந்து வந்ததும் பழைய துவாயை நீட்டினேன்.

"மாமா, பிழ விட்டுட்டன். இதுல சொப்ட்னர் போட்டுட்டன். மணம் போகுதில்ல. வேற சோடி வாங்கி வச்சிரிக்கன். கழுவ உங்கட சவுக்காரம் வேணும்."

அவர் துவாயை வாங்கி மணந்தார். மறு ஓரத்தையும் எடுத்து மணந்தார்.

"அந்த நீலப் போத்தலா?"

"ஓம்."

"எத்தின மூடி?"

"ரெண்டு."

"உங்கட சாரத்துக்கு எத்தின போடுற?"

"அரை."

ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"மருமகன்," என்றார், "நீங்க இத மீன் வாடையோட தந்திருந்தாக்கூட இஹ்ராமுக்குக் குத்தமில்ல."

உள்ளே மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. போய்ச் சிரட்டையை எடுத்து வந்து என் கையில் தந்தார். புதுத் துவாய்களைக் கல்லில் போட்டு நான் தேய்த்தேன், அவர் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். தனியாக முறுக்க முடியாத கனம்தான். ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்து, ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பிப் பிழிந்தோம். "இறுக்கிப் பிடிங்க, மீன் வழுக்குற மாதிரி வழுக்குது," என்றார். அடுத்த நாள் ளுஹர் தொழுதுவிட்டு விமான நிலையத்துக்குப் போகிற வான் ஏறினார். துவாயில் வெயில் மணம் மட்டும் இருந்தது.

பழைய சோடியை நான் குளிக்க எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் உதவாது. சொப்ட்னர் பூசிய துவாய் தண்ணீரைக் குடிக்காது, உடம்பில் இழுபடும். வருடக்கணக்கில் நான் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு திரிந்ததன் காரணம் அன்றுதான் தெரிந்தது. இப்போது துவாய்க்கு அதை ஊற்றுவதில்லை.

மாமா இரண்டு கிழமையில் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தார். வந்த சனிக்கிழமை நான் கழுவ உட்கார்ந்தபோது, கூடையில் என் மீன் சாரத்துக்கு மேலே அவருடைய வெள்ளைச் சாரமும் சேர்ட்டும் கிடந்தன. வெள்ளையைப் பிரித்துத் தனியாகப் போட்டேன். நீலப் போத்தலைத் தொடவில்லை.

பின்னேரம் அவர் கொடியடிக்கு வந்து, தன் சேர்ட்டைப் பிடித்து மணந்து பார்த்தார்.

"வாசம் போடல்லயா?"

"இல்ல மாமா. பயத்துல விட்டுட்டன்."

"நான் இப்ப இஹ்ராமுலயா இரிக்கன்?" சேர்ட்டை உதறி மறுபடி கொடியில் போட்டார். "அடுத்த முற அரை மூடி போடுங்க. ரெண்டு வேணாம்."