முப்பத்தேழு, உள்ளேன் ஐயா

வருகை எடுக்கும்போது எங்கள் சட்டக் கல்லூரி வகுப்பில் எல்லோரும் 'எஸ் சார்' என்போம். ஒருவன் மட்டும் 'உள்ளேன் ஐயா' என்பான். அவன் எண் முப்பத்தேழு. நான் முப்பத்தெட்டு. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டே படிக்க வந்தவன் அவன். அந்த இரைச்சலிலேயே கிடந்ததால் மெதுவாகப் பேச வராது, தொண்டையும் கரகரப்பு. முதல் நாள் அவன் எழுந்து நின்று அப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான். மறுநாளும் அதையே சொன்னான், இன்னும் சத்தமாக. அவ்வளவுதான், சிநேகிதமாகிவிட்டோம்.

நான் இஞ்சினியரிங் முடித்து, வேலை கிடைக்காமல், வீட்டில் ஏச்சு வாங்க முடியாமல் சட்டத்துக்கு வந்த கேஸ். அவன் அப்படியில்லை. கூட வேலை பார்த்தவருக்கு மெஷினில் விரல் போனபோது, நஷ்ட ஈட்டுக்கு யாரிடம் போவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். "நம்ம ஆளுல ஒருத்தன் வக்கீலா இருக்கணும்லா" என்பான். அப்பா இல்லை. டவுணில் வாடகை வீட்டில் அம்மாவும் அவனும்தான். அவன் சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

அதனால் பார்ட் டைமில் படிக்க முடியுமா என்று ஊரெல்லாம் விசாரித்திருக்கிறான். ஒரு காலத்தில் மாலை வகுப்பு இருந்ததாம். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் வேலை முடிந்து வந்து படித்து வக்கீல் ஆனார்களாம். இப்போது அதெல்லாம் இல்லை. பிளஸ் டூ முடித்தவனுக்கு ஐந்து வருஷம், டிகிரி முடித்தவனுக்கு மூன்று வருஷம். எதுவானாலும் பகலெல்லாம் வகுப்பில் உட்கார வேண்டும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். தபாலில் படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டு மாட்ட முடியாது.

டீக்கடையில் ஒருநாள் கேட்டேன். "ஏலே, வெளி மாநிலத்துல ஏதாவது காலேஜ்ல சேந்துருக்கலாம்லா. பரீட்சைக்கு மட்டும் ரயிலேறினாப் போதுமாமே."

"போயிப் பாத்தேம்லே. வகுப்பு எங்கன நடக்குன்னு கேட்டேன். ஆபீஸ்ல இருந்தவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு."

"வகுப்பு நடக்காட்டி உனக்கு லாபந்தானலே."

"நாளைக்கு ஜட்ஜு ஒரு கேள்வி கேட்டா என்ன சொல்லுவேன்? ரயில் ஜன்னல்ல பாத்த தென்னமரத்தையா?"

கடைசியில் பார்ட் டைம் கோர்ஸை நாங்களே ஆரம்பித்தோம். நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவான், கண்கள் கோவைப்பழமாக. பகல் ஷிஃப்ட் வாரங்களில் அவனுக்கும் சேர்த்து நான் குரல் கொடுப்பேன். பேராசிரியர் தலையை நிமிர்த்தாமல் எண்களை வாசித்துக்கொண்டு போவார். நான் பெஞ்சுக்குக் கீழே குனிந்து அவன் குரலில் ஒன்று, நிமிர்ந்து என் குரலில் ஒன்று. பயிற்சி கொடுத்ததும் அவன்தான்.

"அப்படி இல்லலே. 'உள்ளேன்'ல கொஞ்சம் இழுக்கணும். நான் என்ன அழுதுக்கிட்டா சொல்லுதேன்?"

பத்து நாளில் அவன் குரல் என் தொண்டையில் உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கு நைட் ஷிஃப்ட் வாரம். அவனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அசந்து தூங்கியிருப்பான் என்று நினைத்து, முப்பத்தேழு என்றதும் குரல் கொடுத்தேன். வகுப்பு முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில், தாழையூத்துப் பக்கம் நின்றிருந்த லாரியில் பைக்கை விட்டிருக்கிறான். தூக்கக் கலக்கம். நான் அவனுக்காக உள்ளேன் என்று சொன்னபோது அவன் இல்லை.

மறுநாள் அவன் வீட்டுக்கு மாலையோடு வந்த பேராசிரியர், ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று அவன் அம்மாவிடம் சொன்னார்: "நேத்து காலையிலகூட வகுப்புல இருந்தாம்மா. நான்தான் வருகை எடுத்தேன். உள்ளேன் ஐயான்னு சொன்னான்."

அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினார். "விடியக்காலமே போயிட்டாம்னு சொன்னாவளே சார். நல்லாக் கேட்டியளா?"

"என் காதால கேட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அவரே குழம்பி நின்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அந்தச் சந்து முழுக்க ஒரே பேச்சு: உயிர் போன பிறகும் பையன் காலேஜுக்குப் போயிருக்கிறான்.

அடுத்த வாரம் வகுப்பில் பேராசிரியர் முப்பத்தாறு என்றார். கொஞ்சம் நிறுத்தினார். முப்பத்தெட்டு என்றார். 'எஸ் சார்' சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது அவன் குரல்.

பேராசிரியர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "யாரு அது?"

"முப்பத்தெட்டு சார்." அதுவும் அவன் தொண்டைதான்.

"லே, வெளையாடாத" என்று பக்கத்தில் இருந்தவன் நகர்ந்து உட்கார்ந்தான். நான் விளையாடவில்லை. தண்ணீர் குடித்தேன், கனைத்தேன், தினமும் அதேதான். வீட்டுக்குப் போன் செய்தால் என் அம்மாவே "யாரு பேசுதது?" என்றாள். வாயைத் திறக்கவே பயமாகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வகுப்புல பக்கத்துல இருக்கது நீதானய்யா. அன்னைக்கு எப்படி இருந்தான்?"

நான் டம்ளரையே பார்த்தேன்.

"எல்லாரும் பெருமையாச் சொல்லுதாவ. எனக்கு ஒண்ணுதான் தாங்கல. உசுரு போன பொறவு அவ்வளவு தூரம் காலேஜுக்குப் போனவன், வீட்டுக்கு ஏன் வரல? நான் வாசக்கதவத் தொறந்து வச்சுட்டுத்தான இருந்தேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை தன்னை மறந்துவிட்டுப் போனான் என்று அவர் தினமும் செத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சொல்லியே காட்டிவிட்டேன்.

"உள்ளேன் ஐயா."

அவர் கை தரையில் அப்படியே ஊன்றியது. வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் நீதானா?"

"ஆமாம்மா. பகல் ஷிஃப்ட் வாரமெல்லாம் நான்தான். அவன்தான் சொல்லிக் குடுத்தான். அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்."

"அப்போ காலேஜுக்குப் போகல."

"போகலம்மா. ஷிஃப்ட் முடிஞ்சா முதல்ல வீட்டுக்குத்தான வருவான். வீட்டுக்குத்தாம்மா வந்துக்கிட்டு இருந்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுதார். "இங்கனதான் வந்துக்கிட்டு இருந்தான்" என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். அப்புறம் முகத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன். கரகரப்பு இல்லை. என் குரல்தான் வந்தது. மறுபடியும் முயன்றேன். என் குரல்தான்.

"சரி விடு. காப்பி ஆறுது, குடி" என்றார்.