மாடு போகிற அளவுக்கு ஒரு பொட்டு

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். பெயர் வேண்டாம். இதில் வருகிற இருவரும் எங்காவது இருந்து இதை வாசிக்கக்கூடும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வெங்காயம் கிண்டுவது, புகையிலை சுமப்பது என்று வேலை கிடைத்த ஊரில் கிடந்துவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பேன். புது ஊர் என்றால் முதலில் அதைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அந்த ஊரில் ஒரு சந்தி, நாலைந்து கடை, ஒரு சந்தை, பிள்ளையார் கோயில். அவற்றைத் தாண்டினால் சிவந்த மண் தோட்டங்கள், வீடுகளுக்குப் போகும் ஒழுங்கைகள். ஒழுங்கையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே ஓலை வேலி. உள்ளே யாரோ சிரிப்பது கேட்கும், தேங்காய் துருவுவது கேட்கும், ஆளைக் காண முடியாது. பகல் முழுக்க நடந்தும் நான் கண்டது வேலியைத்தான்.

அன்று சந்தைக் கொட்டிலில் படுத்தவனுக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஷெல் விழும் சத்தமும் சைக்கிள்கள் ஓடும் சத்தமும் பிள்ளைகளின் அழுகையும் கனவில் போலக் கேட்டன. தெளிந்து எழும்பியபோது ஊரில் ஒருவருமில்லை. எல்லோரும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் போவதற்கு உறவினர் வீடு இருந்தது, இல்லாவிட்டால் ஊராரோடு சேர்ந்து ஏதாவது பள்ளிக்கூடம். எனக்குப் போகிற இடத்திலும் ஒருவரும் இல்லை, இருக்கிற இடத்திலும் இல்லை. இருந்துவிட்டேன்.

சந்தையில் விட்டுப்போன தக்காளியைத் தின்றேன். வீதியில் இறங்க முடியாது. ஆள் அசைவு கண்டால் ஆமியின் ஹெலிகொப்டர் சுடத் தாழ வரும். அதனால் வீட்டு வளவுகளுக்குள்ளால் போனேன். அங்கே ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவே, வேலியில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். பொட்டு என்பார்கள். சீனி கடன் வாங்குவதும் குழம்பு கொடுப்பதும் புதினம் கதைப்பதும் அதற்குள்ளால்தான். குனிந்து குனிந்து பொட்டுப் பொட்டாக நுழைந்துபோனபோது, வெளியே நின்று பார்த்துத் தெரியாத ஊர் உள்ளே இருந்து தெரிந்தது. மண் தேய்ந்து வழுவழுப்பாகக் கிடந்த பொட்டு என்றால் இரண்டு வீட்டுக்கும் நல்ல ஒட்டு. புல் முளைத்திருந்தால் போக்குவரத்துக் குறைவு. கொடியில் உடுப்பு காய்ந்தபடி, அடுப்பில் பானை வைத்தபடி, ஆளில்லாத வீடுகள். கட்டிக் கிடந்த ஆடுகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டே போனேன். எதையும் எடுக்கவில்லை. எடுத்தால் கொண்டுபோய் வைக்க எனக்கு இடமும் இல்லை.

ஒரு வளவில் பசு ஒன்று கட்டையில் கட்டிய பிடிகயிற்றோடு படுத்துக் கிடந்தது. பக்கத்தில் சின்னக் கன்று. பசுவுக்கு எழும்பப் பலமில்லை, நாக்கு வறண்டு வெளியே கிடந்தது. கிணற்றுக்கு ஓடினேன். வாளியும் இல்லை, கயிறும் இல்லை. போகிற இடத்தில் தேவைப்படும் என்று கொண்டுபோயிருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தது. வந்த வழியில் நான் கண்ட கிணறுகளும் அப்படித்தான்.

பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா ஒன்று தெரிந்தது. அதன் நுனியில் வாளியும் தொங்கியது. ஆனால் இடையில் இருந்த வேலியில் பொட்டே இல்லை. அந்த ஊரில் நான் கண்ட வேலிகளிலேயே இறுக்கமானது அதுதான். புது ஓலையை இரண்டு மடிப்பாக வைத்து, முள்ளுக்கம்பியும் இழுத்திருந்தார்கள். அது என்ன வேலி என்று விளங்காமல் இல்லை. கன்று கத்தியது. நான் கம்பியை வளைத்து, ஓலையைப் பிய்த்து, வேலிக்கு நட்டிருந்த இரண்டு கதியாலைக் கிளப்பி எடுத்தேன். கை முழுக்க இரத்தம். அந்தப் பக்கம் போய்த் துலாவால் தண்ணீர் அள்ளி, வாளியைக் கழற்றிக் கொண்டுவந்து பசுவின் வாயில் ஊற்றினேன். பின்னேரம் நான் கயிற்றை அவிழ்த்துத் தாங்க, அது எழும்பி, தானாகவே அந்த இடைவெளியால் போய்க் கிணற்றடித் தொட்டியில் வாயை வைத்தது. அடுத்த நாட்களில் நானும் அதுவும் கன்றும்தான் அந்த ஊர்ச்சனம்.

ஷெல்லடி ஓய்ந்த ஒரு காலையில் துலாக்காரர் முதலில் வந்தார். தொட்டியடியில் மாடு, பக்கத்தில் நான், நிலத்தில் கதியால்.

"ஆரடா நீ?"

"வேலை தேடி வந்தனான் ஐயா. மாடு தண்ணியில்லாமல் கிடந்தது."

"அவள் சொல்லித்தானே வேலியைப் பிரிச்சனீ?"

"எனக்கு இந்த ஊரிலை ஒருத்தரையும் தெரியாது. ஊர் பாக்க வந்தனான்."

"இஞ்சை என்ன கிடக்குப் பாக்க, வேலியைத் தவிர?"

அதற்குள் மாட்டுக்காரப் பெண்ணும் வந்துவிட்டார். துலாக்காரருடைய தங்கையாம். தகப்பன் செத்துக் காணி பிரித்த நாளிலிருந்து பேச்சில்லை. இருவரும் நேருக்கு நேர் நின்றும் என்னைப் பார்த்தே கதைத்தார்கள்.

"தம்பி, சனமில்லாத நேரம் பாத்து வேலியை என்ரை காணிக்குள்ளை அரக்கினவரோ எண்டு உவரைக் கேளும்."

"நானும் இப்பதான் வாறன் எண்டு அவளுக்குச் சொல்லடா. மாட்டைக் கட்டிப்போட்டு ஓடினவளுக்கு வேலிதான் கவலை."

"ஷெல் வீட்டு முகட்டிலை விழேக்கை மாட்டை அவிழ்க்கேலுமோ எண்டு கேளும்."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். ஆளில்லாத ஊரில் பிடிபட்ட அந்நியனுக்கு அதைவிடப் பெரிதாகவும் நடக்கலாம். அண்ணன் என் கையைப் பார்த்தார், கம்பி கிழித்த இடங்களை.

"கதியாலை எடுத்த கிடங்கிலையே திருப்பி நட்டுப்போட்டுப் போ," என்றார்.

ஒன்றை நட்டேன். இரண்டுபேரும் நூல் பிடித்தாற்போலக் குனிந்து பார்த்தார்கள். அடுத்ததைத் தூக்கியபோது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது கிடக்கட்டும். மாடு தண்ணி குடிச்சுப் பழகிப்போச்சு."

அண்ணன் வேறு பக்கம் திரும்பித் துலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம்தான் சொன்னார்: "மாடு தொட்டியை உடைக்காட்டிச் சரி எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் பனங்கட்டியோடு வெறுந்தேநீர் தந்தார். ஊருக்குள் சனம் ஒவ்வொன்றாக வந்து, அவரவர் படலையைத் திறந்து சாத்திக்கொண்டது. எங்கே போகப் போகிறாய் என்று எவரும் கேட்கவில்லை. நானும் சந்தியால் நடந்து போய்விட்டேன்.

பிறகு இராணுவம் பிடித்து, அந்தப் பக்கம் முழுவதுமே சனமில்லாமல் போயிற்று. அந்த வேலி இப்போது இருக்காது. எத்தனையோ ஊர்களின் வேலிகளை வெளியே நின்று பார்த்துக்கொண்டே என் காலம் போய்விட்டது. ஆனாலும் ஒரு வேலியில், ஒரு மாடு போகிற அளவுக்கு, நான் வைத்த பொட்டு ஒன்று சில காலம் அடைக்கப்படாமல் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, அந்த ஓர் ஊரிலாவது நான் உள்ளே இருந்தவன் என்று தோன்றுகிறது.