கண் எரியாத வெங்காயம்

டில்லியில் யாரோ வெங்காயத்துக்குக் கதவைச் சாத்தியதால், கடல் தாண்டிப் புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக் கல்யாணம் கலகலத்துப் போனது. அப்போது நான் தொடக்கநிலை மூன்றில் படித்தேன். கல்யாணம் சாச்சிக்கு, அதாவது உம்மாவின் தங்கைக்கு. கைக்குழந்தையிலேயே தாயை இழந்த சாச்சியை வளர்த்து ஆளாக்கியது உம்மாதான்.

எங்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்கள் கூடி உட்கார்ந்து பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அந்த வாரம் பார்த்துத் தேக்கா சந்தையில் எந்தக் கடையிலும் இந்திய வெங்காயம் இல்லை. வாப்பா கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்தார். இந்தியாவில் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டார்களாம். ஏன் ஏன் என்று நச்சரித்தேன்.

"அங்க வெங்காயம் விலை ஏறுனா ஆட்சியே கவுந்துடும்லா," என்றார் வாப்பா. "அவங்க ஓட்டுக்கு நம்ம அண்டா காயுது."

ஆட்சியைக் கவிழ்க்கும் வெங்காயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கூடையில் கிடந்த கடைசி ஒன்றை எடுத்து, அந்தப் பலம் எங்கே இருக்கிறதென்று உருட்டி உருட்டிப் பார்த்தேன். சாச்சிக்குக் கல்யாணம் என்று அந்த மந்திரிகளுக்குத் தெரியுமா என்றும் கேட்டேன். வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குக் கிளம்பினார்.

கடைசியில் ஹாலந்து வெங்காயம் வந்து இறங்கியது. பிரியாணி ஆக்க வந்த பண்டாரி அதைப் பார்த்து முகம் சுளித்தார். வெறும் தண்ணீர், பொரித்தால் நிறமே வராது என்று புலம்பிவிட்டு, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து உரிக்க ஆரம்பித்தார்கள். மூட்டை பாதியானது, யாருக்கும் கண் எரியவில்லை. பெரியம்மாக்களுக்கு ஒரே ஆச்சரியம். இது நிஜந்தானா என்று பார்க்க நான் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கண்ணைச் சோதித்துக்கொண்டே வந்தேன். உம்மாவிடம் வந்ததும் நின்றுவிட்டேன். முக்காட்டு நுனியால் துடைக்கத் துடைக்க வழிந்துகொண்டிருந்தது.

"இது எரியாத வெங்காயமாச்சே உம்மா. நீங்க மட்டும் ஏன் அழுறீங்க?"

உரித்த கைகளெல்லாம் நின்றன. மருதாணிக் கைகளோடு ஓரமாக உட்கார்ந்திருந்த சாச்சி, உம்மாவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு எரியுதும்மா," என்றார் உம்மா.

மாப்பிள்ளை வீடு இருந்தது தீவின் மறுகோடியில், மார்சிலிங்கில். அங்கே போக எம்ஆர்டி ரயில் இருக்கிறது என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன்.

சில மாதம் கழித்து இந்திய வெங்காயம் திரும்பி வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாப் பெண்களும் ஒன்றாகவே அழுதார்கள். வெங்காயத்தின் மறைவில் யார் எதற்கு அழுகிறார்கள் என்று கேட்க இடமே இல்லை. டில்லிக்காரர்கள் அன்று நிறுத்தியது வெங்காயத்தை மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.