உப்புத் தோல் வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு

மெக்கானிக் வேலையில் கை கறுப்பாவதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். வயிறு கலங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் எனக்கு ஒரு ஷெட். பிக்கப் வண்டிகள்தான் என் பிழைப்பு. முன்பெல்லாம் நாலு ஸ்பேனரும் காதும் போதும். இப்போது வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். நான் ஸ்கேனர் ஒயரைச் செருகினால் திரையில் ஓர் எண் வரும். அதைத்தான் நாங்கள் கோடு என்கிறோம்.

‘அதுதான் மிஷினே சொல்லிடுதே, உங்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று கேட்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. கோடு எங்கே வலிக்கிறது என்று சொல்லும். என்ன வியாதி என்று சொல்லாது. அதை நான்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் ஒருவனுடைய பிழைப்பு நடுரோட்டில் நிற்கும். மஞ்சள் விளக்கைப் பார்த்து உங்களுக்கும் ஒரு தடவையாவது வயிறு கலங்கியிருக்கும். அதை அணைக்க வேண்டியவனுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கேளுங்கள்.

மச்சான் வருவதற்குள்

திமிரியிலிருந்து ஒரு விவசாயி தன் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். இன்ஜின் மிஸ் ஆகிறது, மேடு ஏறும்போது குலுக்குகிறது என்றார். ஸ்கேனர் போட்டேன். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கோடு வந்தது. பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றேன். “பிரிக்கெல்லாம் வாணாம் சார். அந்த லைட்ட மட்டும் அணைச்சுக் குடுங்க” என்றார்.

ஸ்கேனரில் அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் கோடு அழிந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும். வியாதி மட்டும் அப்படியே இருக்கும். ஐம்பது கிலோமீட்டரிலோ நூறிலோ மறுபடியும் எரியும். எதற்கு இப்படி அவசரம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சான் வண்டியைப் பார்க்க வருகிறாராம், விலை பேசப் போகிறார்களாம். “அடுத்த வாரம் உங்க மச்சான் இதே வண்டிய எடுத்துக்கினு என் ஷெட்டுக்குத்தானே வருவாரு?” என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“வரட்டும் சார். அவன் வாங்கனப்புறம் எரிஞ்சா அது அவன் லைட்டு!”

ஜெயபாலின் சொந்த வண்டி

விளக்கை அணைக்காமல் திமிரிக்காரரை அனுப்பிவைத்த நான் பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஜெயபால் வந்தான். எனக்குத் தம்பி மாதிரி, அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். பத்து வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டிவிட்டு, போன வருஷம்தான் சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்திருந்தான். திருப்பத்தூர் தோல் மண்டியிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றி வந்து ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் இறக்குவது அவன் வேலை. அந்த ஒரு டிரிப்பை நம்பித்தான் வண்டியே எடுத்தான். என்னிடம் வருவதற்கு முந்தின நாள் வாணியம்பாடி தாண்டி இன்ஜின் மிஸ் ஆகி, விளக்கு எரிந்து, வண்டி நின்றேவிட்டதாம். அரைமணி கழித்துத் தானாகக் கிளம்பியதாம்.

இங்கே என் ஷெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலூர் லாங் பஜார் பக்கத்து ஆள். இங்கே வந்து இருபது வருஷம் ஆகியும் பச்சைத் தோல் வாடை எனக்கு ஒத்துவரவில்லை. உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் ‘தோல் வண்டிகளைக் கழுவிவிட்டு உள்ளே விடவும்’ என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தேன். ஜெயபாலும் எதிரில் இருந்த வாட்டர் சர்வீஸில் வண்டியை மேலும் கீழும் அடித்துக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்தினான். டீசலைப் பீய்ச்சுகிற இரண்டாவது இன்ஜெக்டரில் கோளாறு என்று கோடு வந்தது. மாற்றினேன். இரண்டு மணி நேரத்தில் இன்ஜின் தையல் மிஷின் போல ஓடியது. ஜெயபால் அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டான்.

“நல்லா பாத்துட்டியாண்ணே? இது நின்னா நான் மறுபடியும் அடுத்தவன் லாரிதான் ஓட்டணும்.”

வேறு ஒரு வியாதி

ஆறே நாளில் போன் வந்தது. அதே ரோடு, அதே குலுக்கல், அதே மஞ்சள் விளக்கு. வழக்கம்போலக் கழுவிக் கொண்டுவந்தான். ஸ்கேனர் போட்டால் இன்ஜெக்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது டீசல் பிரஷர் சென்சார் என்றது. சென்சாரை மாற்றினேன். மறுபடியும் இரண்டு மணி நேரம், மறுபடியும் தையல் மிஷின். பேரணாம்பட்டு ரோட்டில் பத்து கிலோமீட்டர் நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு குலுக்கல்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன்தான். எனக்கு என்னவோ உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வண்டி ஏன் சரியானது என்று தெரியாமல் சரியாவதைப் போலப் பயங்கரம் வேறில்லை.

அன்று சாயங்காலமே டேனரிக்கு வரும் மண்டி வண்டிகளைக் கவனிக்கிற ரஃபீக் பாய் ஸ்கூட்டரில் ஷெட்டுக்கு வந்துவிட்டார். கோபக்காரர் இல்லை. அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம் ஜாஸ்தி. தோல் வந்து சேர்ந்தால்தான் டேனரியில் ஊறப்போடும் தொட்டி வேலை ஆரம்பிக்கும். வராவிட்டால் அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, ஜெயபாலையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இன்னா சங்கரு, போன வாரம் ஒரு வியாதி, இந்த வாரம் ஒரு வியாதியா? ரெண்டு தடவ நின்னாச்சு. மூணாவது தடவ நின்னா வேற வண்டி வெச்சிக்குவேன், அப்புறம் யாரும் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது.”

மடியில் ஸ்கேனர்

அதற்குப் பிறகு போன் அடித்தாலே ஜெயபாலா என்று பார்த்தேன். ரோட்டில் எந்த பிக்கப் போனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வண்டி லோடோடு போகும்போது படுத்துக்கொள்கிறது. நான் லோடு இல்லாமல் வைத்தியம் பார்க்கிறேன். அடுத்த டிரிப்பில் நானும் வருகிறேன் என்றேன். ஜெயபால் முகத்தில் அத்தனை வெளிச்சம். எனக்கோ அவன் நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

திருப்பத்தூர் மண்டியில் காலையிலேயே லோடு ஏறியது. மடித்து அடுக்கிய தோல், ஒவ்வொரு மடிப்பிலும் கல் உப்பு. பின்பக்கம் உப்புத் தண்ணீர் கசிந்து ஒழுகியது. நான் மூக்கில் கைக்குட்டையும் மடியில் ஸ்கேனருமாக உட்கார்ந்தேன். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெயபால் ரோட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். “முன்னாடி பாருடா!” என்று இரண்டு தடவை கத்தினேன். வாணியம்பாடி வரைக்கும் ஒன்றும் இல்லை. தாண்டி நாலு கிலோமீட்டர் போயிருப்போம். திரையில் கரண்ட் அளவு மேலும் கீழும் ஆடியது. இன்ஜின் ஒரு தடவை விக்கியது, இரண்டாவது தடவை குலுக்கியது, விளக்கு எரிந்துவிட்டது. கோடு ஒன்று அல்ல, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நாலு கோடு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஜெயபால் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான்.

“நீ உள்ள குந்திகினு இருக்கும்போதே நிக்குதேண்ணே!”

வண்டிக்கு அடியில்

சம்பந்தமில்லாத நாலு கோடு ஒன்றாக வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். எர்த் ஒயர். வண்டியில் இருக்கிற அத்தனை கரண்டும் அடிச்சட்டமான சேஸில் போட்டிருக்கும் ஒரே ஒரு போல்ட் வழியாகத்தான் திரும்பும். அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் நல்ல பார்ட்டும் தன்னைக் கெட்டது என்று சொல்லும். ரோட்டோரம் படுத்து அடியில் நுழைந்தேன். கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேரே அந்த போல்ட் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு என் உதட்டிலும் விழுந்தது. போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது.

படுத்தபடியே எல்லாம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் பார்ப்பதற்கு முன்னால் ஜெயபால் என் போர்டைப் பார்த்துவிட்டு வண்டியைக் கழுவினான். மேலே படிந்த உப்பு போய்விட்டது. பிரஷர் தண்ணீர் மிச்ச உப்பைப் போல்ட்டுக்கு உள்ளே தள்ளியது. ஈரத்தோடு ஸ்கேன் செய்தால் வாய்க்கு வந்த கோடு. நான் வேலை பார்க்கிற இரண்டு மணி நேரத்தில் வெயிலில் ஈரம் காய்ந்து இன்ஜின் ஒழுங்காக ஓடியது. நான் மாற்றிய இன்ஜெக்டரும் சென்சாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. வெயில் செய்த வேலைக்கு நான் பெயர் வாங்கிக்கொண்டேன். என் மூக்குக்காக இவன் பிழைப்பு போகப் போகிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது.

‘ஒயர் போய்டுச்சு’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவனுக்கு என்ன தெரியப் போகிறது? அடியில் படுத்துக்கொண்டே போல்ட்டைக் கழற்றி உப்புத் தாளால் தேய்த்தபடி உள்ளதைச் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது. அவன் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. அதற்குள் அவன் போன் அடித்தது. ரஃபீக் பாய். ஜெயபால் குனிந்து போனை என் கையில் கொடுத்தான். வண்டி மேலோ அவன் மேலோ தப்பில்லை பாய், நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன், இன்னும் இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடுவோம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“சரி, நீயே ஒத்துக்கினே. ஒரு வாரம் தெனம் அதே வண்டில நீயும் தோலோட வா சங்கரு. நடுவுல நின்னுச்சுன்னா அவனையும் மாத்திடறேன், உன் ஷெட்டுக்கு வர்ற மண்டி வண்டிங்களையும் மாத்திடறேன்.”

ஏழு நாள்

ஷெட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக போர்டைக் கழற்றினேன். எர்த் ஒயரைத் தண்ணீர் படாத உயரத்தில் புது போல்ட் போட்டு முறுக்கினேன், கிரீஸ் அப்பினேன், இடுக்குக்குக் கீழே பழைய டியூபை வெட்டித் தடுப்பு கட்டினேன். பிறகு ஒரு வாரம் ஜெயபால் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பத்தூருக்கும் ஆம்பூருக்குமாகப் போய்வந்தேன். மூன்றாம் நாள் மூக்கு பழகிவிட்டது. வயிறு பழகவில்லை. வாணியம்பாடி நெருங்கும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு டாஷ்போர்டையே பார்ப்போம். தாண்டிய பிறகுதான் ஜெயபால் பாட்டு போடுவான். ஐந்தாம் நாள் மழையும் சேர்ந்துகொண்டது. அன்று வழியெல்லாம் நான் சாமியைக் கும்பிட, அவன் ஜெபம் செய்துகொண்டு வந்தான். வண்டி நிற்கவில்லை.

ஏழாம் நாள் டேனரி வாசலில் ரஃபீக் பாய் நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியை ஒரு சுற்று சுற்றினார், “நாளைக்கும் இதே டைமுக்கு வந்துடு ஜெயபாலு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். டிரிப் பிழைத்தது. லோடு இறக்கி முடித்தும் ஜெயபால் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டை முறைத்தான். “அண்ணே, ஒரு வாரமா எரியவே இல்ல. ஒருவேள அந்த லைட்டே ஃபியூஸ் போயிருக்குமோ?” என்றான்.

பைத்தியக்காரா என்று திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் சாவி போடும்போது அது எரிகிறதா என்று நானும் கவனித்ததாக நினைவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு, எப்போதும் எரிய வேண்டியபடி, இரண்டு நொடி எரிந்து அணைந்தது. இருவரும் மூச்சு விட்டோம். நான் இறங்கக் கதவைத் திறந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான்.

“இன்னொரு வாட்டி போடுண்ணே.”

விளக்கு எரிந்தாலும் பயம், எரியாவிட்டாலும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கக் கிடைக்கிற நேரத்தைத்தான் நாங்கள் ‘வண்டி சரியாய்டுச்சு’ என்று சொல்லிக்கொள்கிறோம்.